பழசுல ஏதும் வேணுமா?

அவருடைய கைக்குட்டை ஊதாக் கட்டம் போட்டது. துவைத்துத் துவைத்து ஓரமெல்லாம் பிரிந்திருக்கும். மூச்சில்லாமல் கிடக்கும் கம்ப்யூட்டரை எழுப்பிய மறு நொடியே, சட்டைப் பையிலிருந்து அதை உருவி, ஓர் உதறு உதறி, திரைமேல் போட்டு மூடிவிடுவார். பிறகு நாற்காலியைத் திருப்பிப் போட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொள்வார்.

"எழும்பிருச்சு. சொந்தக்காரங்க வந்து பாத்துக்கங்க" என்பார்.

எழுந்த மெஷினுக்குள் என்ன இருக்கிறது என்று அவர் பார்க்க மாட்டார். பல் பிடுங்குகிற டாக்டர் வாய்க்குள் பார்க்க மாட்டேன் என்றால் எப்படி இருக்கும்? எங்களுக்கு அப்படித்தான் இருந்தது. ஆபீசில் நாங்கள் பெண்கள் மூன்று பேர். அவருக்கு 'முக்காடு நானா' என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான். அது அவர் காதுக்கும் போயிற்று. கோபித்துக்கொள்ளவில்லை. "பேரு நல்லாத்தான் இருக்கு, மெஷினுக்கும் மானம் இருக்குல்ல" என்றார்.

நானா என்பது அவர்கள் வீட்டு வழக்கம். நாகூர்ப் பக்கத்திலிருந்து மலேசியாவுக்கு வந்த குடும்பம். மூத்தவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். அவருடைய அண்ணன் கோல சிலாங்கூர் டவுனில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். அந்தக் கடை மாடியில்தான் இவர் குடியிருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெயரை அவர் எங்கேயும் சொல்லிக்கொண்டதில்லை. நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

எங்கள் தோட்டம் டவுனிலிருந்து பத்தாங் பெர்ஜுந்தை போகும் வழியில், எண்ணெய் எடுக்கிற செம்பனை மரங்களுக்கு நடுவில் இருந்தது. எண்பதுகளின் கடைசியில் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வருவதென்றால் பெரிய காரியம். மானேஜர் அறைக்கு அடுத்தபடியாக ஏர்கோன் வைத்தது அதற்குத்தான். அந்த ஒரு மெஷினுக்குள் இரண்டு குடித்தனம் நடந்தது. முதலில் வாங்கியபோது போட்ட சிஸ்டம் ஒன்று. அதில் தோட்டத்து ஆஸ்பத்திரிப் பதிவுகள் இருந்தன. இரண்டு வருடம் கழித்து, பழக்குலை எடை விவரங்களுக்காக மேலிடம் இன்னொரு சிஸ்டத்தைப் போடச் சொன்னது. பழையதை எடுக்க முடியாது, புதியதை வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. ஆகவே உள்ளே இருந்த டிஸ்க்கை இரண்டு பாகமாகப் பிரித்து, ஒரு பாகத்தில் பழசு, மறு பாகத்தில் புதுசு என்று வைத்தார்கள். ஒன்று எழுந்தால் மற்றது தூங்கும். எது எழும்ப வேண்டும் என்பதற்கு டிஸ்க்கின் முகப்பில் ஒரு குறி உண்டு. குறி எந்தப் பாகத்தில் இருக்கிறதோ, அதுதான் எழும்பும்.

புதுசைப் போட வந்தவர்கள் குறியைப் புதுசுக்கு மாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பழசு எழும்பவே இல்லை. எங்கள் பெரிய கிராணி, அதாவது ஆபீசுக்குத் தலைமைக் குமாஸ்தா, புத்தகத்தைப் பார்த்து எதையோ தட்டினார். மறுநாள் புதுசும் எழும்பவில்லை. கறுப்புத் திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து அப்படியே நின்றது. அப்போதுதான் டவுனுக்கு ஆள் அனுப்பி இவரைக் கூப்பிட்டார்கள்.

மோட்டார் சைக்கிளில் வந்தார். பின் சீட்டில் சதுரமான ஒரு பிஸ்கட் தகரம், ரப்பர் கயிற்றால் கட்டியிருந்தது. பிஸ்கட் இல்லை, அதற்குள் அத்தனையும் பிளாப்பி டிஸ்க்குகள். ஒரு தடவை டவுன் மலைக் குரங்கொன்று அந்தத் தகரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியதாம். "தொறந்து பாத்துட்டு அப்படியே வச்சிட்டுப் போயிருச்சு, நல்ல கொரங்கு" என்று சொல்வார்.

வந்தவர் மெஷினைத் தொடவில்லை. 555 நோட்டு என்று கடைகளில் விற்குமே, உள்ளங்கை அளவு, அதை எடுத்துப் பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு கேட்டார்.

"கடைசியா எப்ப நல்லா எழும்புச்சு? அதுக்கப்புறம் யாரு தொட்டது? இப்ப என்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல நானா. செத்துப் போச்சு" என்றேன்.

அவர் பென்சிலை நிறுத்திவிட்டார். "அந்த வார்த்தை வேணாம் தங்கச்சி. எழும்பல. அவ்வளவுதான்."

யார் என்ன சொன்னார்கள் என்பதை ஆளுக்கு ஒரு வரியாக எழுதிக்கொண்டார். பெரிய கிராணி, தான் எதையும் தொடவே இல்லை என்றார். அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு தகரத்திலிருந்து ஒரு பிளாப்பியைப் போட்டு எழுப்பி, குறியைப் பழசுக்கு நகர்த்தினார். பழசு எழும்போது முதலில் ஒரு வரி வந்து நிற்கும். ஒன்றும் தட்டாமல் ஒரு பொத்தானை மட்டும் அமுக்கினால் பழசு. மூன்று எழுத்துத் தட்டினால் புதுசு.

"ரெண்டு பேருக்கும் ஒரே வாசல். வாசல்ல பழசு நிக்கும். புதுசப் பாக்கணும்னா அதுக்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு உள்ள போங்க" என்றார். பிறகு கைக்குட்டையை எடுத்தார்.

இப்படி நாலைந்து மாதத்துக்கு ஒரு தடவை வருவார். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி, அதே நோட்டு, அதே கைக்குட்டை. சுங்கை செம்பிலாங் மீன் மொத்த வியாபாரியிடமும் போவார், தோட்டங்களுக்கும் போவார், பள்ளிக்கூடத்துக்கும் போவார். யாரும் அவரைச் சந்தேகப்பட்டதில்லை. அவருக்கு அதில்தான் பிழைப்பே இருந்தது.

சுங்கை ஆயர் தாவாரில் ஒரு கிளினிக்கில் என் பள்ளித் தோழி வேலை செய்தாள். அவள் சொன்ன கதை இது. அங்கேயும் மெஷின் எழும்பவில்லை. இவர் போய் எழுப்பிவிட்டு வந்திருக்கிறார். அந்தக் கிளினிக்கில் வைத்தியம் பார்த்துக்கொண்ட ஒரு பெண்ணைத் தன் மகனுக்குப் பேசிக்கொண்டிருந்தார் இவருடைய அண்ணன். பெண்ணுக்கு வலிப்பு உண்டு என்று யாரோ காதில் போட்டிருக்கிறார்கள். கடையில் எல்லாரும் இருக்கும்போதே அண்ணன் கேட்டார், அந்த மெஷினில் என்ன இருந்தது என்று.

"எழுப்பி விடுறது என் வேலை. எழுந்தது என்னா பேசுதுன்னு நான் கேக்குறதில்ல."

"நம்ம புள்ள வாழ்க்கைடா."

"அது அந்தப் புள்ள வாழ்க்கையும்தானே நானா."

அதற்குப் பிறகு ஆறு மாதம் அண்ணன் அவரிடம் பேசவில்லை. ஒரே கடையில் சாப்பிடுவார், தட்டு வரும், சோறு வரும், பேச்சு வராது. கல்யாணம் நடந்தது. பெண்ணுக்கு வலிப்பு இருந்ததா இல்லையா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. இந்தக் கதையைக் கேட்டபோது எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை வந்தது. இப்படி ஓர் ஆள் நமக்கு அண்ணனாக இருந்திருக்கலாமே என்றுகூட நினைத்தேன்.

ஆனாலும் என் வாய் சும்மா இருக்காது. ஒரு நாள் மத்தியானம் நல்ல மழை. வேலை முடிந்து, கிளம்ப முடியாமல் ஆபீஸ் முன்தாழ்வாரத்தில், அஞ்சடியில் நின்றுகொண்டிருந்தார். பால் விடாத தேநீர், தே-ஓ, கலந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"நானா, ஒரு தடவ உள்ள பாத்தா கண்ணு அவிஞ்சா போயிரும்?"

குவளையை வாங்கினார், குடிக்கவில்லை. மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவர் எனக்குச் சொன்ன நீளமான பேச்சு அது ஒன்றுதான்.

"கலும்பாங்ல ஒரு ரப்பர் தோட்டம். அப்ப நான் கோலாலம்பூர்ல ஒரு கம்பெனியில இருந்தேன், வேலைக்குப் புதுசு. அங்கயும் இதே மாதிரி ரெண்டு பாகம். எழுப்பினேன். எழும்பினதும் முன்னால ஒரு லிஸ்டு. மரத்த வெட்டப் போறாங்க, யாரு யாருக்கு வேலை இல்லன்னு பேரு. ஆபீஸ் பியூன் ஒருத்தரு, எனக்குத் தேத்தண்ணி கலக்கிக் கொண்டாந்தவரு, அவரு பேரும் இருந்துச்சு. மனசு கேக்கல. நல்லது பண்றோம்னு நெனச்சுச் சொல்லிட்டேன். 'அண்ணே, வேற எடத்துல வேலைக்குச் சொல்லி வைங்க'ன்னு."

குவளையை அப்படியே கீழே வைத்தார்.

"மறுநாள் அவரு புல்லுக்கு அடிக்கிற மருந்தக் குடிச்சிட்டாரு. மூணு நாள் கெடந்து போனாரு. நாலாவது நாள் நான் மறுபடி போனேன் வேலைய முடிக்க. அடுத்த பாகத்த எழுப்பினேன். அதுலயும் ஒரு லிஸ்டு இருந்துச்சு. அதுதான் சரியான லிஸ்டு. அதுல அவரு பேரு இல்ல. நான் பாத்தது பழசு தங்கச்சி. யாரோ எப்பவோ எழுதிட்டு வேணாம்னு விட்டது."

மழை விடவில்லை. நனைந்துகொண்டே கிளம்பிப் போனார். தே-ஓ அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அவரை முக்காடு நானா என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன்.

இனி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் இவர் கதை முடியாது.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டாள். அப்பா அதற்கும் முன்பே இல்லை. அக்கா ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். நான் ஐந்தாம் படிவம்வரை, அதாவது பதினோரு வருடம், படித்தேன். அவள் மருந்து பம்பைத் தோளில் மாட்டியதால்தான் நான் ஆபீசில் நாற்காலியில் உட்கார்ந்தேன். செம்பனைக்கு நடுவில் புல் மருந்தும் பூச்சி மருந்தும் அடிப்பது பெண்கள் வேலை. விடியற்காலை லோரியில் ஏற்றிக்கொண்டு போவார்கள். வேலையை மேற்பார்க்கும் மண்டோர் மருந்தை அளந்து ஊற்றுவார். கையுறை கொடுத்தார்கள்தான், அந்த வெயிலில் அதைப் போட்டால் கை வெந்துபோகும் என்று யாரும் போடவில்லை. அக்காவுக்கு முதலில் நகம் மஞ்சளானது. பிறகு நகமே பெயர்ந்தது. மூக்கில் ரத்தம் வரும், சேலை முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி பம்பைத் தூக்குவாள். அப்புறம் கை நடுங்க ஆரம்பித்தது.

நாலு மாதத்துக்கு ஒரு முறை கம்பெனி டாக்டர் ஒருவர் வந்து மருந்தடிக்கிற பெண்களிடம் ரத்தம் எடுப்பார். ரிசல்ட் தாள் டிரசர் வழியாக எனக்கு வரும். டிரசர் என்றால் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொள்கிறவர். நான் அதைப் பழசில் டைப் செய்வேன். தாள் மேலிடத்துக்குப் போய்விடும். சில பெயர்களுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட வேண்டும். அக்கா பெயருக்குப் பக்கத்திலும் வந்தது. டிரசரிடம் கேட்டேன்.

"திரும்ப ரத்தம் எடுக்கணும்னு அர்த்தம். நீ டைப் பண்ற வேலையப் பாரு" என்றார்.

வீட்டுக்குப் போனதும் அக்கா கேட்டாள், ரத்தம் எடுத்தார்களே, என்ன சொன்னார்கள் என்று. ஒன்றும் இல்லையாம் என்றேன். அடுத்த தடவையும் நட்சத்திரம் வந்தது. மூன்றாவது தடவையும் வந்தது. மூன்று தடவையும் நான்தான் என் கையால் அதைத் தட்டினேன்.

கோலாலம்பூரிலிருந்து ஒரு நர்ஸம்மா தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயத்துக்கு வந்தார். பெண்களின் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரத்தம் எடுத்திருந்தால் கம்பெனிக்குத் தெரிந்திருக்கும், ரிசல்ட் மட்டும் கையில் கிடைத்தால் உங்களை மருந்தடிக்கிற வேலையிலிருந்து மறுநாளே எடுக்க வைக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியத்துக்கும் சேர்க்கலாம் என்றார். பதினாலு பெண்கள் கைநாட்டும் கையெழுத்துமாக அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள்.

அன்று சாயங்காலம் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ரிசல்டு உங்க ஆபீஸ்லதான இருக்கு?"

"இருக்குக்கா. பழைய சிஸ்டத்துல."

"எடுத்துக் குடுக்க முடியுமாடி?"

"பாக்குறேன்" என்றேன்.

ஒரு பிளாப்பி போதும். பத்து நிமிட வேலை. நாளைக்கு, நாளைக்கு என்று ஒரு வாரம் தள்ளினேன். பெரிய கிராணி என் முதுகுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருப்பார். லயத்துப் பெண்ணான என்னை ஆபீசுக்குள் கொண்டுவந்தவர் அவர். அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவார்.

ஒரு வாரம் கழித்து நானா வந்தார். நான் கூப்பிடவில்லை, மெஷினும் நன்றாகத்தான் எழும்பிக்கொண்டிருந்தது. பெரிய கிராணி கூப்பிட்டிருந்தார்.

"டெய்லி எழும்புறப்ப தகராறு. எடமும் பத்தல. பழசத் தூக்கிட்டு மொத்தத்தையும் புதுசுக்குக் குடுத்துரு" என்றார் அவர்.

நானா நோட்டில் எழுதிக்கொண்டார். அழிப்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. அழிக்கப்போகிற பாகத்தைக் கடைசியாக ஒரு தடவை எழுப்புவார். கைக்குட்டையைப் போட்டு மூடுவார். அதில் யார் வேலை செய்தார்களோ அவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லி, மூன்று தடவை கேட்பார். தான் பார்க்காதவர் என்பதால் கேட்டே ஆக வேண்டும். மூன்று பதிலையும் எழுதிக்கொண்டுதான் அழிப்பார்.

அன்றும் எழுப்பினார், மூடினார், சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "தங்கச்சி, நீங்கதான இதுல டைப் பண்ணுறீங்க? பாத்துட்டு வந்து சொல்லுங்க."

நான் போய்க் கைக்குட்டையைத் தூக்கினேன். ஆஸ்பத்திரிப் பதிவைத் திறந்தேன். பதினாலு பெயர். ஒன்பது பேருக்கு நட்சத்திரம். அக்கா பெயருக்கு நேரே மூன்று. பெரிய கிராணி என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். விரலால் கட்டையை லேசாகத் தட்டிக்கொண்டிருந்தார். கைக்குட்டையை நான் திரும்ப இறக்கினேன்.

"பழசுல ஏதும் வேணுமா?"

"இல்ல நானா."

எழுதினார். "பழசுல ஏதும் வேணுமா?"

"இல்ல."

எழுதினார். மூன்றாவது தடவை கேட்பதற்கு முன்னால் திரும்பி என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன இருந்ததோ தெரியவில்லை. எழுந்து வந்தார். அவருடைய கை கைக்குட்டையின் ஓரத்தைத் தொட்டது.

"ஒரே ஒரு தடவ நான் பாக்கட்டுமா தங்கச்சி?"

அந்த ஆபீசுக்கு வந்த மூன்று வருடத்தில் அவர் அப்படிக் கேட்டதில்லை. கலும்பாங்குக்குப் பிறகு எங்கேயும் கேட்டிருக்க மாட்டார். நான் ஆமாம் என்றிருந்தால் போதும், வேண்டாம் என்று சொல்லாமல் இருந்திருந்தாலே போதும். என் முதுகுக்குப் பின்னால் பெரிய கிராணியின் விரல் தட்டுவது நின்றுவிட்டது.

"வேணாம் நானா" என்றேன்.

பயம்தான். அதற்கு வேறு பெயர் வைத்து அழகுபடுத்த நான் விரும்பவில்லை. அவர் கையை எடுத்துக்கொண்டார். அதையும் எழுதினார். தகரத்தைத் திறந்து பிளாப்பியை எடுத்தார். கால் மணி நேரத்தில் பழசு இல்லாமல் போனது. கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார்.

மனு போய், பத்துப் பன்னிரண்டு நாளில் ஓர் அதிகாரி விசாரிக்க வந்தார். மலாய்க்காரர், தன்மையாகத்தான் பேசினார். ரத்தப் பரிசோதனைப் பதிவு எங்கே என்று கேட்டார். மெஷின் கோளாறில் அழிந்துவிட்டது என்றார் மானேஜர். மேலிடத்துக்குப் போன தாளைப் பற்றிக் கேட்டதற்கு, அப்படி எதுவும் வரவில்லை என்று அங்கிருந்து பதில் வந்ததாகச் சொன்னார்கள். டிரசர் லீவில் போயிருந்தார். கடைசியில், மெஷினைச் சரிபார்த்தவர் என்று நானாவைக் கூப்பிட்டார்கள். விசாரணையில் ஒவ்வொருவரும் சொல்வதை டைப் செய்ய என்னை உட்கார வைத்திருந்தார்கள்.

அழிப்பதற்கு முன்னால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தாயா என்று அதிகாரி மலாயில் கேட்டார். பார்க்கவில்லை, எப்போதும் பார்ப்பதில்லை என்றார் நானா. சரி, யாரிடமாவது கேட்டாயா?

என் விரல்கள் டைப்ரைட்டர்மேல் இருந்தன. இதோ வருகிறது என்று எனக்குத் தெரியும். அவருடைய சட்டைப் பையில் நோட்டு துருத்திக்கொண்டிருந்தது. அதை எடுத்து மேசையில் வைத்தால் போதும். என் பேச்சு, பெரிய கிராணி கூப்பிட்டது, எல்லாமே அதில் இருந்தன.

"தாக் தாஞா, துவான்" என்றார்.

கேட்கவில்லை, ஐயா. அதைத்தான் நான் டைப் செய்தேன். பதிவு கவனக்குறைவால் அழிந்தது என்று எழுதி, மனுவை முடித்துவிட்டார்கள். பதினாலு பெண்களும் மறுநாள் காலையில் பம்பைத் தூக்கிக்கொண்டு லோரியில் ஏறினார்கள். அதற்குப் பிறகு இரண்டு வருடம் ஏறினார்கள்.

கேட்காமல் அழிக்கிறவர் என்று பெயர் பரவியது. தோட்டங்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்தின. பிறகு கிளினிக், பிறகு மீன் வியாபாரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். அண்ணன் கடையில் குவளை கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அஞ்சடி மேசையில் உட்கார வைத்தார்.

"சாப்ட்டாச்சா தங்கச்சி?"

"ஏன் நானா அப்படிச் சொன்னீங்க?"

"கேட்டேன்னு சொன்னா, யாரக் கேட்டேன்னு அடுத்து கேப்பாங்க லா."

"என் பேரச் சொல்லிருக்கலாம். சொல்லியிருந்தா அந்தப் பொம்பளைங்களுக்கு..."

"தெரியும்" என்றார். "அழிச்சதுக்கப்புறம்தான் தெரிஞ்சுச்சு உள்ள என்னா இருந்துச்சுன்னு. அத நெனச்சா சோறு எறங்கல. ஆனா கலும்பாங்ல ஒரு பேரச் சொல்லி ஒரு மனுசனத் தொலைச்சேன். இன்னொரு பேரு என் வாயில வராது. அது சரியா தப்பா, அல்லாவுக்குத்தான் தெரியும்."

பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு பக்கத்தைக் கிழித்து, மடித்து, என் முன்னால் வைத்தார். பஸ்ஸில் பிரித்துப் பார்த்தேன். தேதி, தோட்டத்தின் பெயர், கீழே பென்சிலில் மூன்று வரி. இல்ல. இல்ல. வேணாம். சொன்னது யார் என்று எப்போதும் எழுதுகிற இடத்தில் எதுவும் எழுதவில்லை.

அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அந்த இரண்டு வருடம் முடிந்ததும் நான் வேலையை விட்டு, அக்காவையும் அழைத்துக்கொண்டு ரவாங்குக்கு வந்து, ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன். அவர் மௌத்தாகி, அடக்கமாகிப் பல வருடம் ஆகிவிட்டது. கிளினிக்குத் தோழிதான் சொல்லி அனுப்பினாள். அக்காவிடம் அதை நான் சொல்லவில்லை. அந்தத் தாளைப் பற்றியும் சொல்லவில்லை. பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் இருக்கிறது.

அக்காவுக்கு இப்போது இரண்டு கையும் நிற்பதில்லை. குவளையைப் பிடிக்க முடியாது. காலையில் நான்தான் தேத்தண்ணீரை ஆற்றி அவள் வாயில் வைக்கிறேன். சில நாள் நன்றாகப் போகும். சில நாள் கன்னத்தில் வழிந்து சட்டையெல்லாம் நனையும், அப்போது அவளுக்கு ஆத்திரம் வந்துவிடும்.

"அந்த நானா கை வெளங்காமப் போவ" என்பாள். "ஒரு வார்த்தை யாரையாச்சும் கேட்டுட்டு அழிச்சிருக்கக் கூடாதாடி அவன்? உன்னக் கேட்டிருந்தா நீ சொல்லிருப்பதானே?"

குவளையை மறுபடி அவள் உதட்டருகே கொண்டுபோவேன்.

"ஆறிரப் போவுது. குடிக்கா" என்பேன்.